காசுகளுக்கு ஒரு பதிவேடு: விரிதாளா, மென்பொருளா?



நம் அரூர் வட்டாரத்தில் பழைய காசு ஒன்றேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கல்யாணப் பெட்டியின் அடியில், பரண்மேல் ஏற்றிய பால்மாவு டப்பாவில், மறைந்த பாட்டியின் சுருக்குப் பையில் என்று எங்கேனும் ஓரிடத்தில் அவை உறங்கிக் கிடக்கும். நடுவில் துளையிட்ட காலணா, ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளி ரூபாய், தாமரை பொறித்த 20 காசு ஆகியவற்றோடு, சில வீடுகளில் யானை உருவம் கொண்ட கனத்த செப்புக் காசும் இருக்கக் கூடும். அந்த யானைக் காசு இங்கே இருப்பதில் வியப்பில்லை. பாராமகால் என்று வழங்கிய இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் கம்பெனியாரின் கைக்கு வரும்வரை மைசூர் அரசின் கீழ் இருந்தது. கேப்டன் ரீடும், அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலவரி வகுக்க இங்கே வருவதற்கு முன், சந்தைகளில் புழங்கிய செம்பு திப்பு சுல்தானுடையது.

இக்காசுகளைச் சேகரிக்கும் ஆர்வம் நம் இளைஞரிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. வளர வளர ஒரு கேள்வியும் எழுகிறது. சேர்த்த காசுகளைக் கணிப்பொறியில் பதிந்து வைக்க விரும்புகிறோம். எக்செல் போன்ற விரிதாள் போதுமா, நாணயங்களுக்கென்றே செய்யப்பட்ட மென்பொருளை நாட வேண்டுமா என்பதே அக்கேள்வி. பொழுதுபோக்கைச் சார்ந்த அற்பக் கேள்வி என்று பெரியவர்கள் எண்ணலாம். ஆனால் சேகரித்தவர் திடீரென்று கண் மூடினால், அவருடைய மனைவி மக்கள் அந்தப் பெட்டியைத் திறந்து திகைத்து நிற்பார்கள். எது அரியது, எது சாதாரணமானது, எது விலைக்கு வாங்கியது, எது கொள்ளுத்தாத்தாவின் கையிலிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இராது. முதலில் வரும் பழைய பாத்திர வியாபாரி தராசில் போட்டு எடை பார்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். வாழ்நாள் உழைப்பு ஒரு பிற்பகலில் உலோகமாக மாறிவிடும். அப்படி ஆகாமல் காப்பது பெட்டியின் பூட்டன்று, பெட்டியோடு இருக்கும் பதிவேடேயாகும்.

இத்துறைக்கு ஒழுங்கு வகுத்தவர் ஒரு குருவானவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. யோசேப்பு ஹிலாரியுஸ் எக்கேல் என்பவர் 1737ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் பிறந்து, 14 வயதில் இயேசு சபையில் சேர்ந்தவர். 1773இல் அச்சபை ஒடுக்கப்பட்ட பின்னர், வியன்னா நகரில் பேரரசின் நாணயச் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலச் சேகரிப்பாளர் பலர் பொன்னை ஒரு தட்டிலும் வெள்ளியை மறு தட்டிலும் வைத்து, பெரியது சிறியது என்று அடுக்கி மகிழ்ந்தார்கள். எக்கேல் அதை ஏற்கவில்லை. பெல்லரின் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி வைத்த வழியைப் பின்பற்றி, ஸ்பெயினில் தொடங்கி மத்தியதரைக் கடலைச் சுற்றி நாடு நாடாக, நகரம் நகரமாகக் கிரேக்க நாணயங்களை வரிசைப்படுத்தினார். உரோமை நாணயங்களைக் கால வரிசையில் வைத்தார். 1792க்கும் 1798க்கும் இடையே எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த அவருடைய இலத்தீன் நூல் இன்றளவும் நாணயவியலின் அடித்தளமாகக் கருதப்படுகிறது.

எக்கேல் அடிகளாருக்கு இருந்த இக்கட்டு நமக்கில்லை. காகிதத்தில் எழுதும்போது ஏதேனும் ஒரே வரிசையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கணிப்பொறியிலோ ஒரு நொடியில் ஆண்டு வரிசையும், மறு நொடியில் நாட்டு வரிசையும், அடுத்த நொடியில் எடை வரிசையும் பெறலாம். ஆகவே இன்று சிந்திக்க வேண்டியது எந்த வரிசையில் அடுக்குவது என்பதன்று. ஒவ்வொரு காசைப் பற்றியும் எவ்வெச் செய்திகளைத் தனித்தனியே பதிவது என்பதே. இதைத் தெளிவாக முடிவு செய்தவனுக்கு விரிதாளும் பயன்படும், மென்பொருளும் பயன்படும். முடிவு செய்யாதவனுக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் பழைய டப்பாவைப் போன்றதுதான்.

நம் நாட்டிலும் இவ்வேலை முறையாக நடந்திருக்கிறது. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகத்தில், எட்கர் தர்ஸ்டன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், 1888ஆம் ஆண்டு முதல் நாணயப் பட்டியல்கள் அச்சேறின. மைசூர் நாணயங்களுக்கு ஒரு பட்டியல். உரோமை, இந்திய-போர்த்துகீசிய, இலங்கை நாணயங்களுக்கு மற்றொன்று. உரோமை நாணயம் சென்னையில் எப்படி என்று கேட்பீர்களாயின், கோவை, கரூர்ப் பகுதிப் புதையல்களில் அகுஸ்து, திபேரியு ஆகிய பேரரசர்களின் வெள்ளித் தெனாரியங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன என்பதே விடை. வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் நம் ஆண்டவர் காட்டச் சொன்ன நாணயம் இந்தத் திபேரியுவின் தெனாரியமே என்பது பலரின் கருத்து. அதே வகைக் காசு கொங்கு மண்ணிலும் புதைந்திருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் சிலிர்க்கிறது. ஆனால் பட்டியலில் ஏறுமுன் தட்டாரின் குகையில் உருகிப்போன தெனாரியங்களைப் பற்றி இன்று எவரும் ஒரு சொல் கூற இயலாது.

என்னென்ன பதிவது?

எந்தக் கருவியாயினும் முதலில் காசுக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் ஏட்டிலும் இருக்க வேண்டும், காசு இருக்கும் உறையின் மேலும் இருக்க வேண்டும். காசின்மேல் எழுதுவதோ ஒட்டுவதோ கூடாது. நம் ஞானஸ்நானப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு வரிசை எண், பெயர், நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர், குருவின் கையொப்பம். ஓரத்திலே, பின்னாளில் திருமணம் நடந்தால் குறிப்பதற்கென்று ஓர் இடம். நூறாண்டுக்கு முன் எழுதிய வரியையும் இன்று தேடி எடுத்துவிடுகிறோம். எண் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். ஒருவர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்பதற்காக அவருடைய எண்ணை அடுத்த குழந்தைக்குக் கொடுப்பதில்லை. காசை விற்றுவிட்டாலும் அதே விதிதான்: ஓரத்தில் ‘விற்றது’ என்று குறித்து வரியை அப்படியே விட்டுவிட வேண்டும்.

அடுத்து ஆண்டு. இது எளிது போலத் தோன்றும்; உண்மையில் இதுவே மிகுந்த சிக்கலுடையது. விக்டோரியா மகாராணியின் 1840 என்ற ஆண்டு பொறித்த ரூபாய், 1861 வரையில் அதே ஆண்டைத் தாங்கியே அடிக்கப்பட்டது. அதன் பின் வந்த 1862ஆம் ஆண்டு ரூபாயும் 1874 வரை அதே ஆண்டோடு வெளிவந்தது. சிறு புள்ளிகளைக் கொண்டே உண்மையான ஆண்டைக் கண்டறிகிறார்கள். திப்புவின் காசுகளிலோ முதலில் ஹிஜிரி ஆண்டும், பின்னர் அவரே ஏற்படுத்திய மவ்லூதி ஆண்டும் இருக்கும். மவ்லூதி 1215 என்பது கி.பி. 1787ஐ ஒட்டியது, அதன் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். திருவிதாங்கூர்க் காசில் கொல்லம் ஆண்டு காணப்படும். அதனோடு 825 கூட்டினால் ஏறத்தாழ நம் ஆண்டு வரும். புதுக்கோட்டையின் அம்மன் காசில் ஆண்டே கிடையாது. ஆகவே ‘காசில் உள்ள ஆண்டு’ என்று ஒரு பத்தியும், ‘அடிக்கப்பட்ட கி.பி. ஆண்டு’ என்று வேறொரு பத்தியும் தேவை. இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் திணித்தால் பின்னர்ப் பிரிப்பது பெரும்பாடு.

அக்கசாலைக் குறியும் அப்படியே. இன்றைய இந்திய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே சிறிய வைரவடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத்து, வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. குறி எதுவும் இல்லையேல் கொல்கத்தா. இங்கேதான் கவனம் வேண்டும். பதிவேட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், காசில் குறியில்லை என்று பொருளா, பதிந்தவர் பார்க்கவே இல்லை என்று பொருளா? ஆறு மாதம் கழித்து அவருக்கே தெரியாது. ‘குறியில்லை’ என்று எழுத்தால் எழுதுக. பார்க்காததை மட்டும் வெறுமையாக விடுக.

எடை, விட்டம், உலோகம் ஆகியவற்றைத் தராசிலும் அளவுகோலிலும் பார்த்தே எழுத வேண்டும். நூலில் உள்ளதைப் பார்த்து எழுதினால் போலிக் காசும் நல்ல காசாகவே பதிவாகும். பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், 12இல் 11 பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போரின்போது 1940 முதல் அதே அளவில் பாதி வெள்ளியே சேர்த்தார்கள். 1947இல் முழுவதும் நிக்கல் ஆயிற்று. மூன்றும் ரூபாய்தான், மூன்றும் ஒன்றல்ல.

எல்லாவற்றினும் மேலாக நான் வற்புறுத்துவது, காசு எங்கிருந்து வந்தது என்ற பத்தியை. இதைப் பலர் வேண்டாத வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1980களில், பெருவழுதி என்று தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பாண்டியர் செப்புக் காசைக் கண்டறிந்து வெளியிட்டபோது சங்ககால வரலாற்றுக்கே ஒரு புதிய சான்று கிடைத்தது. சங்ககாலச் சேரர் காசுகள் பல கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து வந்தவை. எந்த ஆறு, எந்தக் கரை என்ற குறிப்பு உள்ள காசு சாட்சி சொல்லும். இல்லாத காசு வெறும் செம்பாய் நிற்கும். இன்னொன்றும் கேளுங்கள். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் ஆண்டுக் கம்பெனிக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் ஆங்கிலக் கரையோர மணல்திட்டிலேயே மோதி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து ஏராளமான காசுகளை எடுத்தார்கள். சென்னைக்கு வந்து சேராத அந்தக் காசும், வந்து கைமாறித் தேய்ந்த காசும் ஒரே அச்சில் பிறந்தவை. வேறுபாட்டைச் சொல்லக்கூடியது பதிவேட்டின் ஒரு வரி மட்டுமே. உங்கள் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து வந்தது என்பதும் ஒரு வரலாறுதான், அதையும் எழுதுங்கள்.

விரிதாளின் நன்மையும் வஞ்சனையும்

இனிக் கருவிகளுக்கு வருவோம். 1979இல் ‘விசிகால்க்’ என்ற பெயரோடு கணிப்பொறியில் புகுந்த விரிதாள், கணக்கப்பிள்ளைமார் கோடு கிழித்து எழுதிய அகலப் பேரேட்டின் மறுபிறப்பு. எக்செல் 1985இல் வந்தது. காசு கொடுக்காமலே பெறக்கூடிய லிப்ரே ஆபீசிலும் கால்க் என்ற விரிதாள் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிய கருவி. ஒரு புதிய பத்தி வேண்டுமானால் யாரையும் கேளாமல் சேர்த்துக்கொள்ளலாம். இன்று எழுதிய கோப்பை இருபதாண்டு கழித்தும் ஏதேனும் ஒரு வழியில் திறந்துவிடலாம். இவை பெரிய நன்மைகள்.

ஆனால் விரிதாள் பிறந்தது எண்களைக் கூட்டுவதற்கே. காசுப் பட்டியலைக் கண்டால் அதற்குப் புரிவதில்லை. புரியாததைப் புரிந்ததாக எண்ணிக்கொண்டு திருத்திவிடுகிறது. பழைய தம்பிடிக் காசில் 1/12 அணா என்று பொறித்திருக்கும். அதை அப்படியே கட்டத்தில் எழுதிப் பாருங்கள்: டிசம்பர் முதல் தேதி என்று மாறி நிற்கும். காலணாவை 1/4 என்று எழுதினால் ஏப்ரல் முதல் தேதியாகிவிடும். முட்டாள்கள் தினத்தை அது அறிந்தே தேர்ந்தெடுத்ததோ என்று கூட ஐயம் எழுகிறது! 001 என்று எண் கொடுத்தால் முன்னிரு சுழிகளை விழுங்கிவிடும். அன்றியும் எக்செலுக்கு உலகம் 1900 ஜனவரி முதல் நாள்தான் படைக்கப்பட்டது. அதற்கு முந்திய தேதியைத் தேதியாகவே அது ஏற்பதில்லை. விக்டோரியா காசு சேர்ப்பவர் என் செய்வார்?

இதை வேடிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் அறிஞர் குழு, மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒத்த சுருக்கப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே அந்த மரபணுக்களின் பெயர்களை மாற்ற நேர்ந்ததை 2020இல் அறிவித்தது. அதே ஆண்டில், கொரோனா நோய் பரவிய வேளையில், இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பு ஒன்று 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது என்பதைக் கவனியாமல் விட்டதால், நோய் உறுதியான 15,841 பேரின் விவரம் உரிய நாள்களில் கணக்கில் ஏறாமல் போயிற்று. நம் காசுகள் 65,000ஐ எட்டப்போவதில்லை. ஆயினும் கருவி அறிவிப்பின்றி விழுங்கும் என்பதற்கு இது சாட்சி.

இவற்றிற்கு மருந்து உண்டு. எழுதத் தொடங்குமுன் எண், மதிப்பு, ஆண்டு ஆகிய பத்திகளை ‘உரை’ என்று குறித்துவிட்டால் தேதி மாற்றம் நிகழாது. இதைவிடக் கொடிய ஆபத்து வரிசைப்படுத்தும்போது வருகிறது. அழகுக்காக நடுவில் ஒரு பத்தியை வெறுமையாக விட்டிருந்தால், விரிதாள் அதை வேலி என்று கருதும். வேலிக்கு இப்புறம் உள்ளவை இடம் மாறும், அப்புறம் உள்ளவை அசையாது நிற்கும். திப்புவின் யானைக்கு எட்வர்டு மன்னரின் எடையும், எட்வர்டு மன்னருக்கு அம்மன் காசின் விலையும் வந்து சேரும். பார்வைக்கு எல்லாக் கட்டங்களும் நிறைந்து ஒழுங்காகவே தோன்றும். சேமித்து மூடிவிட்டால் மீட்பது கடினம். ஆகவே இடையில் வெற்றுப் பத்தி கூடாது. ஒரு வரிக்கு ஒரு காசு என்ற விதியை மீறலாகாது. இரண்டு கட்டங்களை ஒன்றாக இணைக்கும் அலங்காரமும் வேண்டாம்.

நம் மொழிக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை இன்று வேறு கணிப்பொறியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைக் காண்கிறோம். ஒருங்குறி என்னும் யூனிகோடில் எழுதினால் அந்த அவதி இல்லை. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. அதிலும் ஒருவர் திப்பு என்றும், மற்றொருவர் டிப்பு என்றும், வேறொருவர் திப்பு சுல்தான் என்றும் எழுதினால் கணிப்பொறி மூன்று அரசர்களைக் கணக்கிடும். முன்கூட்டியே சொற்களை முடிவு செய்து, அவற்றிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி கீழிறங்கு பட்டியல் அமைத்துக்கொள்ளலாம். விரிதாளிலேயே இதற்கு வசதியிருக்கிறது, பயன்படுத்துவோர்தாம் குறைவு.

மென்பொருளின் நிலை

நாணயங்களுக்கென்று அமைந்த மென்பொருளில் மேற்கூறிய வஞ்சனைகள் பெரும்பாலும் இல்லை. அங்கே ஒரு காசின் செய்திகள் அனைத்தும் ஒரே ஏடாகப் பிணைந்திருக்கும். வரிசை மாற்றினாலும் எடை ஒருபுறமும் பெயர் ஒருபுறமும் பிரியா. காசின் முன்புறப் படமும் பின்புறப் படமும் அந்த ஏட்டிலேயே அடங்கும். விரிதாளில் படம் வைப்பது நெடுங்காலமாகவே தொல்லை. கோப்பு பெருத்துத் திறக்க மறுக்கும். ‘ஓப்பன் நியூமிஸ்மாட்’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோசிலும் லினக்சிலும் இயங்குகிறது. சேகரிப்பு முழுவதையும் படங்களோடு ஒரே கோப்பில் வைக்கிறது. வேண்டும்போது விரிதாளுக்குரிய வடிவில் வெளியே எடுத்துக்கொள்ளவும் விடுகிறது. ‘நியூமிஸ்டா’ என்பது இணையத்தில் ஆர்வலர்கள் கூடி வளர்க்கும் உலக நாணயப் பட்டியல். ஒவ்வொரு நாணய வகைக்கும் அதில் ஓர் எண் உண்டு. நம்மிடம் உள்ளதை அங்கேயே குறித்துக்கொள்ளலாம். 1972 முதல் வெளிவந்த கிராஸ்-மிஷ்லர் பட்டியலின் எண்களும் உலகெங்கும் வழங்குகின்றன. இவற்றுள் ஏதேனும் ஓர் எண்ணை நம் பதிவேட்டில் குறித்துவிட்டால், வகையைப் பற்றிய செய்திகளை நாம் திரும்ப எழுத வேண்டியதில்லை. அருளாளர் நிலையிலிருந்து புனிதையாக உயர்த்தப்பட்ட அல்போன்சம்மாளின் பிறப்பு நூற்றாண்டுக்கு 2009இலும், அன்னை தெரேசாவின் நூற்றாண்டுக்கு 2010இலும் வந்த ஐந்து ரூபாய் நாணயங்களை நம் இல்லங்களில் பலர் எடுத்து வைத்திருக்கிறார்கள். தொடக்கப் பயிற்சிக்கு அவ்விரண்டையும் பதிந்து பார்ப்பது நன்று.

குறை எங்கே என்றால், மென்பொருள் செய்தவர் நினைத்த காசுகளுக்கே அதில் இடம் தாராளம். ஆண்டும் நாடும் உள்ள ஐரோப்பிய நாணயத்துக்குக் கட்டங்கள் பொருத்தமாயிருக்கும். ஆண்டில்லாத அம்மன் காசையும், ஒருபுறம் லில்லி மலரும் மறுபுறம் தமிழில் புதுச்சேரி என்ற எழுத்தும் கொண்ட பிரெஞ்சுக்காரரின் துட்டையும் எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று திணற வேண்டியிருக்கும். மற்றொன்று, மென்பொருளின் ஆயுள் நம் கையில் இல்லை. குடும்பப் படங்களை அடுக்க எத்தனையோ பேர் நம்பியிருந்த ‘பிக்காசா’வைக் கூகுள் நிறுவனம் 2016இல் நிறுத்திவிடவில்லையா? ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை வசதிகள் உள்ளன என்று கேட்குமுன், உள்ளே போட்டதை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். பத்துக் காசுகளை உள்ளிட்டு, சி.எஸ்.வி. என்னும் எளிய கோப்பாக வெளியே எடுத்து, விரிதாளில் திறந்து, தமிழ் எழுத்து சிதையாமல் வருகிறதா என்று பார்த்த பின்னரே பதினோராவது காசைத் தொட வேண்டும். கைப்பேசியில் மட்டும் இயங்கும் செயலிகளை ஒரே பதிவேடாக நம்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். கைப்பேசி தண்ணீரில் விழுவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் சம்பவம்.

என் கருத்தைக் கேட்டால், முந்நூறு, நானூறு காசுகளுக்கு உட்பட்ட குடும்பச் சேகரிப்புக்கு விரிதாளே போதும். மேற்சொன்ன கட்டுப்பாடுகளோடு நடத்த வேண்டும், அவ்வளவே. படங்களைத் தனி உறையில் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் காசின் எண்ணையே பெயராகக் கொடுக்கலாம். ஒரே வகையில் அச்சு வேறுபாடுகளைத் தேடிச் சேர்ப்பவருக்கும், பலரோடு பரிமாறிக்கொள்பவருக்கும், படமின்றி வேலை நடவாது என்பவருக்கும் மென்பொருள் சிறந்தது. விரிதாளில் ஒழுங்காக எழுதியவர் பின்னாளில் மென்பொருளுக்கு மாறுவது ஒரு மாலை நேர வேலை. ஒழுங்கின்றி எழுதியவர் ஒவ்வொரு வரியையும் மீண்டும் தொட வேண்டும். எதில் எழுதினாலும் ஆண்டுக்கொருமுறை காகிதத்தில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு ஒரு படியை வையுங்கள். காசுப் பெட்டி இருக்கும் இடத்தையும் விலையையும் மட்டும் பிறருக்கு அனுப்பும் படியிலிருந்து நீக்கிவிட வேண்டும். வாட்சப்பில் போன பட்டியல் யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல இயலாது.

பதிவதற்காகக் காசை எடுக்கும் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். செம்பின் மேல் காலம் படிய வைத்த நிறம் போனால் திரும்பாது. விலையும் அதோடு போகும். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறைகளிலும் சில, செம்பில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். காகித உறை நல்லது.

பழைய ஐந்து ரூபாய்க்கு இலட்சக் கணக்கில் பணம் தருவதாகக் கைப்பேசியில் வரும் அழைப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் கட்டணம் என்பார்கள், பிறகு வரி என்பார்கள், ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டுவார்கள். பழைய நாணயங்களை வாங்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காக எவரிடமும் கட்டணம் கேட்பதுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. தன்னிடம் உள்ள காசு எந்த ஆண்டு, எந்த அக்கசாலை, எந்தப் பட்டியல் எண் என்று எழுதி வைத்திருப்பவரிடம் இந்த ஏமாற்று எளிதில் பலிக்காது. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30ஆம் நாளோடு செல்லாதவையாயின. அந்தப் பெயரைச் சொல்லியும் ஆசை காட்டுவார்கள், கவனம்.

வயலில் ஏர் ஓட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ கிடைத்த காசுகள் மேற்கூறிய எதிலும் சேரா. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் எதுவாயினும், கிடைத்த இடம், நாள், பொருளின் தன்மை ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கிடைத்தவுடன் கழுவாமல், பங்கு பிரிக்காமல், மண்ணோடும் பானையோடும் அப்படியே படம் எடுத்து, எத்தனை காசுகள் என்று எண்ணி எழுதி, அரூர் வட்டாட்சியர் அலுவலகத்திலோ தருமபுரி ஆட்சியர் அலுவலகத்திலோ தெரிவியுங்கள்.